சவுக்குத் தோப்பைக் காட்டிக் காடு என்றார்கள்

ஜூன் கடைசியில் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு சென்னை வந்தோம். பேங்க், ஆதார் வேலையெல்லாம் சட்டென்று முடிந்தது. மனதில் நிற்பது ஈ.சி.ஆரில் போன ஒருநாள் பயணம்தான். ‘கடலோர இயற்கைக் காடும் கிராமத்து விவசாயமும்’, வழிகாட்டியோடு, ஆளுக்கு 3,500 ரூபாய்.

மரக்காணம் தாண்டி வேனை நிறுத்தினார்கள். “இதான் மேடம், நம்ம கடற்கரையோட ஆதிக் காடு” என்றார் வழிகாட்டித் தம்பி. நிமிர்ந்து பார்த்தால் கயிறு பிடித்து நட்டதுபோல் வரிசை வரிசையாகச் சவுக்கு! “அம்மா, இது நம்ம பீச்ல இருக்கிற மரமாச்சே” என்றான் என் எட்டு வயது மகன். ஆமாம், பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்துக் கரையில் தானாக வளர்கிற மரம். இந்தக் கரையில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜினுக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டி நடத் தொடங்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அலையைத் தடுக்க இன்னும் நட்டார்கள். சவுக்கின் மேல் எனக்குக் கோபமில்லை, பந்தக்காலுக்கு அதை விட்டால் வேறு ஏது? ஆனால் காசு வாங்கிக்கொண்டு அதை ஆதிக் காடு என்று காட்டலாமா? “ஆபீஸ்ல குடுத்த பேப்பர்ல அப்படித்தான் இருக்கு மேடம்” என்றார். குவீன்ஸ்லாந்தில் நான் பார்த்த ரேஞ்சர்கள், அதாவது வனக் காவலர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். முக்கால் மணி நேரம் அந்தத் தோப்பிலேயே நின்றோம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் வயல், மாட்டுக்கொட்டகை, இலைச் சாப்பாடு. பரிமாறிய ஆயாவிடம் புலம்பினேன். “சவுக்குத் தோப்புல என்னாத்தப் பாக்கப் போன கண்ணு? காடுன்னா கீழ்ப்புத்துப்பட்டு அய்யனாரு கோயில் காடுதான். ஒரு குச்சி ஒடிக்க மாட்டோம்” என்றார். ரோட்டோரம்தானாம், பக்கம்தானாம்!

நான் பிடிவாதம் பிடித்ததால் அங்கே இருபது நிமிஷம் கிடைத்தது. மண் குதிரைகளைத் தாண்டினால் வெயிலே தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் காடு இது. ஆயாவும் வேனில் ஏறி வந்து வீரை, காயா, உலக்கைப்பாலை என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். கிண்டிப் பூங்காவில் அப்பா விரல் பிடித்து நடந்தபோது வந்த அதே தழை வாசம். அதுவும் இந்த வகைக் காட்டின் மிச்சம்தான், அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கீழே உதிர்ந்து கிடந்த மஞ்சள் பாலைப்பழத்தை ஆயா முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். அந்த இனிப்பும், உதட்டில் பிசினாக ஒட்டும் பாலும் எந்த சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும்?

வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வழிகாட்டித் தம்பி ஆயாவிடம் ஒவ்வொரு மரத்தின் பெயராகக் கேட்டு போனில் ஏற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தபடியே இருந்தார்.