டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்தக் கூலர்?

கலிஃபோர்னியாவிலிருந்து லாஸ் வேகஸ் போகும் ஐ-15 நெடுஞ்சாலையில், பேக்கரைத் தாண்டியதும் சாலை 900 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. எஞ்சின் கொதிக்காமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகள் அங்கே உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை. பாரம் இழுக்கும்போது அதன் ஆயிலும் சூடேறும்; அந்த ஆயிலை ஆற்றும் கூலரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

சிறிய டிரெய்லரை எப்போதாவது இழுப்பவருக்கு, ரேடியேட்டருக்குள்ளேயே வரும் கூலர் போதும். தனிக் கூலர் வேண்டுமென்றால் இரண்டு வகை: வளைந்த குழாயில் மெல்லிய தகடுகள் கோத்தது மலிவு, தட்டுகளை அடுக்கியது விலை கூடுதல், ஆனால் அதே அளவில் அதிகச் சூட்டை இறக்கும். நான் தட்டடுக்கைத்தான் மாட்டியிருக்கிறேன்.

உண்மையான கேள்வி, தனிக் கூலரை மாட்டியபின் ரேடியேட்டர் கூலரை ஆயில் பாதையிலிருந்து கழற்றிவிடலாமா என்பது. கழற்றச் சொல்பவர்கள் 2005–2010 நிஸான் ஃபிரான்டியரைக் காட்டுவார்கள். அதில் ரேடியேட்டருக்குள் கசிவு ஏற்பட்டு, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கியர் ஆயிலில் கலந்து, கியர்பெட்டியே பாழான வண்டிகள் உண்டு. அந்த வண்டி வைத்திருந்தால் நானும் கழற்றியிருப்பேன்.

மற்ற வண்டிகளில் வேண்டாம் என்பேன். பாரத்தோடு ஏறும்போது வேகம் குறைகிறது. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில், இரண்டையும் நேராகப் பிணைக்கும் பூட்டு விடுபடுகிறது. உள்ளே ஆயில் வழுக்கிக் கலங்குவதிலேயே சூடு பிறக்கிறது. சூடு உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் முன்னாலிருந்து வரும் காற்றோ மிகக் குறைவு. தனிக் கூலர் நம்பியிருப்பது அந்தக் காற்றைத்தான். ரேடியேட்டருக்குள் இருப்பதற்கு அந்தக் கவலை பாதிதான்: சுற்றிலும் பம்ப் தள்ளும் கூலன்ட், பின்னால் எஞ்சின் விசிறி. ஆகவே ஆயில் முதலில் ரேடியேட்டருக்குப் போகட்டும். அங்கிருந்து தட்டடுக்குக்கு வந்து, பிறகு கியர்பெட்டிக்குத் திரும்பட்டும். வரிசை மாறினால், தட்டடுக்கு ஆற்றிய ஆயிலைக் கூலன்ட் மறுபடி சூடாக்கிவிடும்.

ஆயில் 80–95 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் நிம்மதி. 120-ஐத் தொட்டால் ஓரங்கட்டி, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். ஏற்றத்தில் இழுவைப் பொத்தானை (Tow/Haul) அழுத்தி வைப்பதும் உதவும். கியர் அடிக்கடி மாறாது.

மாட்டும்போது ரேடியேட்டர் துடுப்புகளின் ஊடே பிளாஸ்டிக் கட்டு நுழைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அதிர்வில் உராய்ந்து துளையாகிவிடும். இரும்புப் பட்டையில் திருகுவதே நல்லது.

உறைபனி ஊர்களில் நான் டிரெய்லர் இழுத்ததில்லை. அங்கே தெர்மோஸ்டாட் வால்வுள்ள கூலர் அவசியப்படலாம். குளிரில் கெட்டியான ஆயிலை அது கூலருக்குள் விடாமல் திருப்பி அனுப்பும்.