சுப்ரமணியபுரம்: காதல் பாட்டை நம்பி உட்காராதீங்க

கதை நடப்பது 1980 மதுரையில், படம் வந்தது 2008-ல். சசிகுமார் இயக்கி, தயாரித்து, பரமனாகவும் நடித்த முதல் படம். இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் (நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு, மலையாளப் படம் ஒன்றை விடமாட்டார்கள், இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்) முதலில் பார்த்துவிட்டு வாங்க, முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியே இல்லை.

பரமன், அழகர் என்று வேலைவெட்டி இல்லாமல் தெருவில் சுற்றும் பயல்கள். முன்னாள் கவுன்சிலர் வீட்டாருக்கு விசுவாசம். கட்சிப் பதவி கைநழுவியதும் அந்த வீட்டுக் கனகு இவர்களைக் கொலைக்கு ஏவிவிட்டு, காரியம் முடிந்ததும் ஜெயிலில் அப்படியே கைகழுவுகிறான். கனகுவாக வரும் சமுத்திரக்கனி இதில் மிரட்டுவதே இல்லை, உரிமையோடு தோளில் கை போட்டுப் பேசுகிறார், பயமே அதில்தான்.

அதே வீட்டுப் பெண் துளசி மேல்தான் அழகருக்குக் காதல். ஊரில் பாதிப் பேர் இந்தப் படத்தை ‘கண்கள் இரண்டால்’ பாட்டாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். தாமரையின் வரி, இசையமைப்பாளர் ஜேம்ஸ் வசந்தனுக்கு முதல் படம், கேட்கக் கேட்கச் சலிக்காது, எல்லாம் சரி. ஆனால் எத்தனை ரவுடிகள் துரத்தியும் தப்பிய அழகரைக் கடைசியில் சாவுக்குக் கூட்டி வருவது இந்தக் காதல்தான். முடிவு தெரிந்த பிறகு அந்தப் பாட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள். துளசி திரும்பித் திரும்பிச் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பில் துளி பொய் கிடையாது, கொடுமையே அதுதான். முதல்முறை பார்த்த என் சித்தி மகன், “லேய், அவ கூப்பிட்டா போவாதலே!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினான்.

பழைய காலத்தைக் காட்டுகிறேன் என்று ரேடியோவையும் சைக்கிளையும் அடுக்கி வைக்கிற படங்கள் நிறைய உண்டு. இங்கே பெல்பாட்டமும் பெரிய காலரும் தாடியும் உடம்போடு ஒட்டியிருக்கின்றன. நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் நின்று எடுத்த மாமாவின் பழைய போட்டோவில் இதே காலர், இதே முடி, ஆள் மட்டும் வெட்டுக்குத்துக்குப் போகாதவர். தியேட்டரில் ‘முரட்டுக்காளை’ ஓடும் காட்சிக்கு எங்கள் வீட்டிலேயே விசில் பறந்தது.

குறை உண்டு. அழகரைக் கூப்பிடத் துளசி ஏன் சம்மதித்தாள், வீட்டில் என்ன சொல்லி அவளை மடக்கினார்கள் என்பதைப் படம் வேகமாகத் தாண்டிவிடுகிறது, அழுகையை மட்டும் காட்டுகிறது. துளசியாக வரும் சுவாதியின் கண்கள் பாதியைச் சொல்லிவிடுகின்றன, மீதியை எழுதியிருக்க வேண்டும். அப்புறம் அந்தக் கடைசிப் பகுதி ரத்தம், எனக்கே கொஞ்சம் அதிகம்தான். சின்னப் பிள்ளைகள் தூங்கின பிறகு போடுங்க.