மூணாறு மலையில் கிராவல் சைக்கிள்: சில மழைக்காலம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராவல் சைக்கிள் என்று கடையில் விற்கும், ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில் பாரும் அதைவிட அகல டயரும் உள்ள வண்டி நம் எஸ்டேட் கல் ரோட்டுக்குச் செய்தது இல்லை. உடைந்த தார், மண் ரோடு, ரயில் போன பழைய தடம், இவற்றில் இதை அடிக்க வேறு சைக்கிள் கிடையாது. ஆனால் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஏறும் கல் ரோட்டில், இதில் பாதி விலைக்கு வரும் எம்டிபி (மலை சைக்கிள்) நிம்மதியாகப் போகும். மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கம் இருந்துகொண்டு வாங்க நினைப்பவர்கள், எந்த ரோட்டில் அதிகம் ஓட்டப்போகிறோம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்தது 70,000 ரூபாய்க்குள் வந்த வண்டி. அலுமினிய ஃபிரேம், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பத்து, கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக், 38 மில்லிமீட்டர் டயர். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. கீழே குறைகள் வருகின்றன, அந்த விலையில் வரும் மற்ற வண்டிகளிலும் அவை ஏறக்குறைய உண்டு.

மூணாற்றில் ரயில் தடமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இருந்தது. 1902-ல் இங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு எஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பெட்டி, பாலாறு என்ற இடங்கள் வழியாக டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடிக்கு. 1924 வெள்ளத்தோடு எல்லாம் போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். அதற்குப் பிறகு மூணாற்றுக்கு ரயில் வரவே இல்லை. அன்றைய ஸ்டேஷன் கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனி ஆபீஸ்.

இந்தக் கதை சைக்கிள்காரனுக்கு எதற்கு என்றால், ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. நூறு மீட்டர் தூரத்துக்கு மூன்று மீட்டர் ஏறினாலே அதற்குப் பெரிய பாடு. அதனால் பாதை போட்டவர்கள் குறுக்கு வழி தேடவில்லை, பள்ளத்தாக்கின் போக்கோடு வளைந்து வளைந்து போனார்கள். அந்தத் தடம் இன்று தார் ரோட்டோடும் எஸ்டேட் ரோட்டோடும் கலந்து கிடக்கிறது. குண்டளைப் பக்கம் ஆற்றை ஒட்டிப் போகும் மண் ரோட்டில் ஒரே கியரில் மிதித்துக்கொண்டே போகலாம். கிராவல் சைக்கிளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதே ரோட்டை விட்டு ஃபேக்டரிக்கோ லயத்துக்கோ திரும்பினால் கதை வேறு. அந்த ரோடுகள் டிராக்டரும் ஜீப்பும் ஏறப் போட்டவை. முஷ்டி அளவு கல், நடுவில் மழைத்தண்ணி அரித்த வாய்க்கால்.

கியரில்தான் முதலில் கை வைத்தேன். கூட வந்த முன்சக்கரத்தில் 40 பல், பின்னால் பெரியது 42. சமவெளிக்கு அது தாராளம். இங்கே ஈர மண்ணில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் பின்டயர் வழுக்கும், உட்கார்ந்து மிதித்தால் கால் நகராது. முன்னால் 36 பல் போட்ட பிறகு பிரச்சினை தீர்ந்தது. இப்போது பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் நகரும், நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம். இறக்கத்தில் மிதித்து வேகம் கூட்ட முடியாதே என்று நண்பர் ஒருவர் கவலைப்பட்டார். போடிமெட்டு இறக்கத்தில் மிதிக்கிறவனை நான் இதுவரை பார்க்கவில்லை.

பிரேக்தான் இந்த வண்டியில் என்னை அதிகம் வேலை வாங்கியது. கேபிள் டிஸ்க் பிரேக் பலவற்றில் ஒரு பக்க பேட் (டிஸ்க்கைப் பிடிக்கும் கட்டை) மட்டும்தான் நகரும். அது டிஸ்க்கை லேசாக வளைத்து எதிர்ப்பக்க பேடில் கொண்டுபோய் அழுத்தும். பேட் தேயத் தேய லீவர் ஹேண்டில் பார் வரை வந்துவிடும். உடனே எல்லோரும் கேபிளை இறுக்குவார்கள். அது இரண்டு நாளைக்குத் தாங்கும். செய்ய வேண்டியது, நகராத பக்கத் திருகை ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது. சர்ர் என்று உரசும் சத்தம் வந்ததும் ஒரு மயிரிழை பின்னால் எடுத்தால் சரி. அதற்குப் பிறகுதான் கேபிள்.

வண்டியோடு கூட வருவது ரெசின் (பிசின் கலவை) பேட். வெயில் காலத்தில் குறை சொல்ல முடியாது. ஜூன் பிறந்து செம்மண் தண்ணி டிஸ்க்கில் ஏற ஆரம்பித்தால் அரைத்துத் தள்ளிவிடும். போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. மழையில் அங்கே இறங்கி வந்தபோது பேடில் மிச்சம் இருந்தது ஒரு தகடுதான். இப்போது மழைக்கு முன்பே மெட்டல் பேட் மாற்றிவிடுகிறேன். சத்தம் போடும், ஆனால் சீக்கிரம் தேயாது. டிஸ்க்கில் ‘ரெசின் மட்டும்’ என்று அச்சிட்டிருந்தால் மெட்டல் பேட் போடக்கூடாது, டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

டயர் இப்போது 45 மில்லிமீட்டர், ட்யூப்லெஸ். மலை மேலே முள் கிடையாது, கல் கூர்தான் பக்கச் சுவரைக் கிழிக்கும். கீழே போடி வயக்காட்டு ரோடுகளுக்குப் போனால் சீமைக்கருவேல முள். அதற்கு ட்யூப்லெஸ் தவிர வேறு மருந்து இல்லை. முள்ளைப் பிடுங்கியதும் டயருக்குள் ஊற்றியிருக்கும் வெள்ளைப் பால் கொப்பளித்து, இரண்டு சுற்றில் தானே அடைபட்டுவிடும். ஆனால் அந்தப் பால் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து போகும், மறுபடி ஊற்ற வேண்டும். அகல டயரில் இன்னொரு தொல்லை, மழைக்காலச் சேறு. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருக்கிறது. அங்கே களிமண்ணில் மாட்டிய சின்னக் கல், பெடலுக்குப் பக்கத்தில் பெயிண்ட்டை வெள்ளி தெரிகிற அளவுக்குச் சுரண்டிவிட்டது. பழைய ட்யூப்பை வெட்டி அங்கே ஒட்டியிருக்கிறேன்.

வால்வு மெல்லியது, கார் வால்வு இல்லை. பஞ்சர் கடை அண்ணன் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்குக் காத்தடிக்க என்கிட்ட ஒண்ணும் இல்லப்பா” என்றார். பித்தளை அடாப்டர் ஒன்று சில பத்து ரூபாய்தான். சீட் பையில் போட்டுவைத்தால் எந்த பெட்ரோல் பங்க்கிலும் காற்று பிடிக்கலாம். என் எடைக்கு மண் ரோட்டில் 35 பிஎஸ்ஐ போதும். கடைக்காரர்கள் பாசத்தில் அறுபது வரை அடித்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி பற்றிக் கேட்கிறார்கள். பின்சக்கர பேரிங் இரண்டாவது மழைக்காலத்தில் கரகரத்தது. வாங்கின கடை, தண்ணீர் போனதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது. மழையில் ஓட்டக்கூடாதென்றால் இடுக்கிக்காரனுக்கு எதற்கு விற்றார்கள் என்று தெரியவில்லை. பேரிங் எண் அதிலேயே அச்சிட்டிருக்கும். மோட்டார் பார்ட்ஸ் கடையில் அதே எண் கிடைத்தது, பட்டறையில் அடித்து இறக்கிக் கொடுத்தார்கள். அதோடு முடிந்தது.

எங்கே ஓட்டலாம் என்பதற்கு வருகிறேன். எஸ்டேட் ரோடுகள் கம்பெனிக்குச் சொந்தம், கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஒரு வாட்ச்சர் என்னிடம் சொன்னது: “போங்க, ஆனா நாலு மணிக்கு மேல இந்தப் பக்கம் வேணாம். கொம்பன் இறங்கும்.” கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. சைக்கிளில் சத்தம் இல்லாததுதான் ஆபத்து. வளைவுக்கு வளைவு மணி அடிக்கிறேன். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்குச் சைக்கிளை இறக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாத மலை அது. 2018 மார்ச் காட்டுத் தீயில் எத்தனை பேர் போனார்கள் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை.

போடி ரயில் மேட்டிலும் இப்போது ஓட்ட முடியாது. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் நின்று, 2023 ஜூனில் அகலப் பாதையில் ரயில் திரும்ப வரும்வரை அந்த மேடு சும்மா கிடந்தது. பழைய சைக்கிளில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஜல்லியை அள்ளிவிட்ட இடத்தில் அருமையாக இருக்கும், ஜல்லி கிடக்கும் இடத்தில் எந்த டயரும் போகாது. இப்போது அங்கே வண்டியை இறக்கினால் சட்டப்படி குற்றம்.

இந்த வண்டியை விற்கிற எண்ணம் இல்லை. அடுத்து மாற்றப்போவது பிரேக்கைத்தான். கேபிளில் இழுத்தாலும் இரண்டு பக்க பேடும் நகரும் வகை தனியாகக் கிடைக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அப்படி பிரேக் உள்ள வண்டியாகக் கேளுங்கள், கூடவே டிரெயிலியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமில் தாங்கும் சின்னத் துண்டு) ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். கல்லில் ஒருதரம் சாய்ந்தால் வளைவது அதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவு, மூணாற்றிலும் கிடைக்காது, தேனியிலும் கிடைக்காது.