டேல்ஸ் ஃப்ரம் த யாவ்னிங் போர்ட்டல்: வாங்கலாம், அப்படியே நடத்த வேண்டாம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைபோல ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடும் குழுவுக்குப் பழைய பதிப்புகளின் பேர்பெற்ற சாகசங்கள் ஒரே அட்டைக்குள் வேண்டுமென்றால், 2017-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட இந்தப் புத்தகத்தைத்தான் முதலில் சொல்வேன். 248 பக்கங்கள், ஏழு சாகசங்கள். 1978-இன் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’, ‘அகெய்ன்ஸ்ட் த ஜயன்ட்ஸ்’, 1979-இன் ‘ஒயிட் ப்ளூம் மவுன்டன்’, 1980-இல் அச்சில் வந்த ‘ஹிட்டன் ஷ்ரைன் ஆஃப் டமோவாச்சன்’, மூன்றாம் பதிப்பு வெளியான 2000-ஆம் ஆண்டின் ‘சன்லெஸ் சிட்டாடல்’, ‘ஃபோர்ஜ் ஆஃப் ஃப்யூரி’, 2014-இன் ‘டெட் இன் தே’. அறைகளும் பொறிகளும் பாத்திரங்களும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த அறைகளுக்கு அடியில் ஓடிய கணக்குதான் வரவில்லை. அதைச் சரிக்கட்டும் வேலை ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் தலையில் விழுகிறது. (ஆட்டக்காரராக உட்காரப்போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே ரகசியங்கள் உடைகின்றன.)

இது பளிச்சென்று தெரிவது ‘அகெய்ன்ஸ்ட் த ஜயன்ட்ஸ்’ பகுதியில். மலை ராட்சதர் தலைவனின் மரக்கோட்டை. நடுக்கூடத்தில் விருந்து நடக்கிறது. மூல வடிவில் அந்த ஒரே கூடத்தில் 20-க்கும் மேற்பட்ட ராட்சதர்கள். அன்றைய விதியில் ஒரு மலை ராட்சதனுக்கு 8 ஹிட் டைஸும் (உயிர்ப்புள்ளியைத் தீர்மானிக்கும் எட்டுமுகப் பகடைகள்) அதற்கு மேல் ஒன்றிரண்டு புள்ளியும். சராசரி 37 ஹிட் பாயின்ட் (அடியைத் தாங்கும் உயிர்ப்புள்ளி). 11-ஆம் லெவல் மந்திரவாதி எறியும் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் 11டி6 (பதினொரு ஆறுமுகப் பகடைகள்), சராசரி 38. தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோ தவறிய ராட்சதன் பெரும்பாலும் அங்கேயே முடிந்தான். ஒளிந்து வந்து, கதவைத் திறந்து, இரண்டு ஃபயர்பால் வீசிவிட்டு ஓடுவது என்ற திட்டம் அப்போது நிஜமாகவே பலித்தது.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதியில் அதே ராட்சதனுக்கு 105 ஹிட் பாயின்ட். வழக்கமான ஃபயர்பால் 8டி6, சராசரி 28. கால்வாசிதான் குறையும். பதிலடியோ நான்கு மடங்கு: அன்று ஒரு தாக்குதல், 2டி8, சராசரி 9. இன்று இரண்டு தாக்குதல், ஒவ்வொன்றும் சராசரி 18. கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) நன்றாக உள்ள 11-ஆம் லெவல் ஃபைட்டருக்கே ஹிட் பாயின்ட் 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். மூன்று ராட்சதர்களின் அடி முழுதாகப் பட்டால் ஒரே சுற்றில் சாய்ந்துவிடுவார். இவ்வளவு பேரையும் ஒரே நேரத்தில் இனிஷியேட்டிவ் வரிசையில் (யார் எப்போது ஆடுவது என்ற வரிசை) ஏற்றினால் சண்டை இரவெல்லாம் இழுக்கும், முடிவும் முன்பே தெரிந்ததாக இருக்கும்.

பரிகாரம் சுலபம். தலைவன், அவன் மனைவி, துணைத்தலைவன் ஆகியோருக்கு முழு எண்களை வையுங்கள். மற்ற விருந்தாளிகளுக்கு 50 ஹிட் பாயின்ட், ஒரே தாக்குதல். இரண்டு ஃபயர்பாலுக்கு விழும் அளவு அது. குடிபோதையில் இருப்பவர்கள் எல்லோரும் முதல் சுற்றிலேயே எழுந்து நிற்க வேண்டியதில்லை. சுற்றுக்கு நான்கைந்து பேராக வரட்டும். தந்திரமாக உள்ளே வந்த குழுவுக்கு அந்தத் தந்திரத்தின் பலன் கிடைக்க வேண்டும். இந்தச் சாகசத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் ஓய்வு. அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அன்றைய விதியான ஏ.டி.&டி.யில் மந்திரமில்லாமல் ஆறினால் நாளுக்கு ஒரு ஹிட் பாயின்ட். ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் எல்லாம் நிரம்பிவிடும். ஒவ்வொரு அறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும் என்று எழுதப்பட்ட குகையில், மூன்று அறைக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் குழுவை எதுவும் அசைக்காது. டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் உள்ள கடினமான மாற்றுவிதியில் குறுகிய ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். குகைக்குள் அது அளவுக்கு மீறிய இறுக்கம். நீண்ட ஓய்வு குகைக்கு வெளியே மட்டும் என்று வைத்து, உள்ளே மணிக்கொரு முறை டி6 உருட்டி 1 விழுந்தால் சுற்றித்திரியும் மிருகம் வரும் என்று வையுங்கள். போதும்.

புதையலையும் கவனியுங்கள். அன்று வெளியே கொண்டுவந்த ஒரு தங்கக் காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி. அதனால் சண்டையைத் தவிர்த்துத் திருடுவதே புத்திசாலித்தனம். இன்று பெரும்பாலும் எதிரியை வென்றால்தான் புள்ளி. அதே அறை குழுவை வாளெடுக்கச் சொல்கிறது. புள்ளிக் கணக்கையே விட்டுவிட்டு, கதையின் முக்கியக் கட்டங்களைத் தாண்டும்போது மைல்கல் முறையில் லெவல் ஏற்றுங்கள்.

‘சன்லெஸ் சிட்டாடல்’ புத்தகத்தின் தங்கம். கோபோல்டு, கோப்ளின் என்ற இரண்டு குள்ள இனங்கள் ஒரே இடிபாட்டைப் பங்குபோட்டுக்கொண்டு சண்டையிட, நடுவில் டிராகன் குட்டியைப் பறிகொடுத்து அழும் மீப்போ என்ற கோபோல்டு. பேசத் தெரிந்த குழுவுக்கு வாசல் திறந்துகொண்டே போகும். புதியவர்களுக்கு முதல் சாகசமாக இதைவிட நல்லதைக் காட்டுவது கடினம். ஒரே எச்சரிக்கை அந்த வெள்ளை டிராகன் குட்டி கால்க்ரிக்ஸ். குளிர்மூச்சு 5டி8, சராசரி 22. முதல் லெவலில் 8 ஹிட் பாயின்ட் உள்ள மந்திரவாதி சேவிங் த்ரோ தவறினால் மயக்கமடைவதில்லை. மீதி 14 அவர் உச்ச அளவைத் தாண்டுவதால் அதே இடத்தில் மரணம். குழு இரண்டாம் லெவலைத் தொடுவதற்கு முன் அந்தக் கதவருகே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். போய்விட்டால், கதவுக்குப் பின்னால் உறைபனியும் கடித்துக் குதறிய எலும்பும் கிடப்பதையாவது சொல்லிவிடுங்கள்.

‘ஃபோர்ஜ் ஆஃப் ஃப்யூரி’யில் ரோப்பர் என்ற மிருகம் பல்லிழந்துவிட்டது. மூன்றாம் பதிப்பில் அதன் சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி என்ற அளவு) 10, வருகிற குழுவோ நான்காம் லெவலை ஒட்டியது. ஓடு, அல்லது இரை கொடுத்துப் பேரம் பேசு என்பதே அந்த அறையின் பாடம். ஐந்தாம் பதிப்பில் ரேட்டிங் 5 மட்டுமே, அடித்தே வீழ்த்திவிடலாம். பழைய பயம் வேண்டுமென்றால் 93 ஹிட் பாயின்ட்டை இரட்டிப்பாக்குங்கள். திருத்தப்பட்ட 2024 விதியில் ஆடுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு இடறல்: முதல் தளம் முழுக்க ஓர்க் என்ற முரட்டு இனத்தவர், ஆனால் எதிரிகளின் எண்களைத் தரும் 2025-இன் மான்ஸ்டர் மானுவலில் ஓர்க்குக்கென்று தனி எண்கள் இல்லை. 2014 ஓர்க்கை (ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண் 13, ஹிட் பாயின்ட் 15) அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் கெடாது.

பதிப்பு மாறியும் கொஞ்சமும் வாடாதது ‘ஒயிட் ப்ளூம் மவுன்டன்’. அதன் ஆபத்துகள் எண்ணில் இல்லை, அமைப்பில் இருக்கின்றன. தலைகீழ்ப் படிக்கட்டுப் பிரமிடு போன்ற கூடத்தில் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் ஒரு தட்டில் நீரும் ராட்சத நண்டினங்களும், அடுத்ததில் வறண்ட தரையும் தேள்களும், மறுபடி நீர், அடியில் மான்டிகோர் என்ற மிருகங்கள். எந்தக் கண்ணாடியை எப்போது உடைப்பது என்று குழு கூடிப் பேசும் அந்த அரைமணி நேரம் எந்த விதிப்புத்தகத்தையும் சார்ந்ததல்ல. கொதிக்கும் ஏரிக்கு அடியில் மெல்லிய குமிழிக்குள் நடக்கும் நண்டுச் சண்டையும் அப்படித்தான்.

‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ பகுதியில் பாசிவ் பர்செப்ஷனைக் (பகடை உருட்டாமலே ஒருவர் எவ்வளவு கவனிப்பார் என்ற எண்) கவனியுங்கள். 20-ஐத் தாண்டிய ஒரு ரோக் (திருட்டுக்கலை தெரிந்த பாத்திரம்) இருந்தால் பொறிகள் தாமாகவே கண்ணில் பட்டுவிடும், கல்லறை வெறும் நடைபாதையாகிவிடும். அந்த எண்ணுக்கு ஓர் அடையாளத்தை மட்டும் கொடுங்கள்: தூசி படியாத கல், நிறம் மங்கிய ஓடு. மீதியை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எதை, எந்தக் கையால், எந்தக் கோலால் தொடுகிறோம் என்று சரியாகச் சொன்னால் பகடையே வேண்டாம். மூலப் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்குக் காட்டத் தனிப் படப்புத்தகம் இருந்தது. இங்கே அது இல்லாதது பெரிய குறை, ஏனெனில் துப்புகள் பல அந்தப் படங்களில்தான் ஒளிந்திருந்தன. டி.எம்.ஸ் கில்டு என்ற இணையக் கடையில் மூலத்தின் பி.டி.எஃப். விலைக்குக் கிடைக்கிறது, படங்களுக்காகவே வாங்கலாம்.

‘டமோவாச்சன்’ போட்டிக்காக எழுதப்பட்டது. ஒரே அமர்வில் கடிகாரம் வைத்து நடத்தினால் சுவைக்கும். ‘டெட் இன் தே’ பல மேசைகள் சேர்ந்து ஆடுவதற்கான நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். ஒரு மேசைக்கு இரண்டு மூன்று பகுதிகளே போதும், மீதியை மூடிவிடுங்கள்.

மூல பி.டி.எஃப்.-இலிருந்து நேரடியாக நடத்துகிறவர்களுக்கு: ஏ.டி.&டி. ஆர்மர் கிளாஸை 20-இலிருந்து கழியுங்கள். 4 என்றால் 16. 1981-இன் பேசிக் விதியில் கவசமில்லாதவருக்கு 9 என்பதால் 19-இலிருந்து கழிக்க வேண்டும். தாக்கோவை (ஆர்மர் கிளாஸ் 0 உள்ளவரைத் தாக்க உருட்ட வேண்டிய எண்) 20-இலிருந்து கழித்தால் தாக்குதல் போனஸ் வந்துவிடும். தனிப்பெயர் கொண்ட பாத்திரங்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். மான்ஸ்டர் மானுவலில் பெயர் உள்ள மிருகத்துக்கு அங்குள்ள எண்களையே எடுங்கள். ஆனால் ஒரே அறையில் ஆறுக்கு மேல் நின்றால், நடத்துவதற்கு முன் எண்ணிக்கையையோ ஹிட் பாயின்ட்டையோ பாதியாக்குங்கள்.