சேலத்தில் விற்கப்படும் அந்தமான் மீன்பிடிப் பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சேலம், ஓமலூர், மேட்டூர் வட்டாரத்தில் தூண்டில் பழக்கம் உள்ளவர்களைக் குறிவைத்து, அந்தமான் பவளப்பாறைக் கடலில் மீன்பிடிப் பயணம் என்ற பெயரில் ஒரு தொகுப்பு விற்கப்பட்டு வருகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கட்லா, ரோகு, விரால் என்று பிடித்துப் பழகிய எங்கள் நண்பர் குழு மே மாத இறுதியில் அந்தத் தொகுப்பில் சென்று, ஒரு நாள்கூடப் பாறைப் பக்கம் தூண்டில் போடாமல் திரும்பி வந்தது. புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட, எங்களை ஏமாற்றிய முறையைத் தெரிந்துகொள்வதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்றும் நினைக்கிறேன்.

அச்சிட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தில் இருந்தவை இவை: இரட்டை எஞ்சின் பொருத்திய, அறை வசதி கொண்ட படகு, பல ஆண்டு அனுபவமுள்ள கேப்டன், பெரிய பாறை மீனுக்கு ஏற்ற தூண்டில் கம்பும் ரீலும், அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி, அவசரத்துக்குச் சாட்டிலைட் போன். விமானக் கட்டணம் நீங்கலாக ஒருவருக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். முழுத் தொகையும் முன்கூட்டியே, அதுவும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகாமல், ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போனது. ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. தமிழ்நாட்டில் பதிவு செய்த நிறுவனமாக இருந்தால் அந்த எண் 33 என்று தொடங்கும். அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்டபோது, "பில்லு எல்லாம் ட்ரிப் முடிஞ்சு வந்ததும் போட்டுக் குடுத்துடலாமுங்க சார்" என்றார்கள்.

மோசடியின் மையம் பருவத்தில் இருந்தது. "சீசன் இப்பதாங்க சார் ஆரம்பிக்குது, கூட்டமும் இருக்காது" என்று சொல்லி மே இறுதித் தேதிகளை எங்கள் தலையில் கட்டினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடுவதற்குப் பல நாள் முன்னதாக, வழக்கமாக மே மூன்றாம் வாரத்திலேயே, அந்தமான் கடலுக்கு வந்துவிடும். அதன்பிறகு செப்டம்பர் முடியும் வரை வெளிக்கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். பாறை ஓரங்களில் படகை நிறுத்தி மீன்பிடிக்க ஏற்ற காலம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடை அந்தமானுக்கும் உண்டு என்பதையும் எவரும் எங்களிடம் சொல்லவில்லை. நிறுவனத்தாருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆள் வராத மாதத்தில் விடுதி அறையும் படகும் பாதி விலைக்குக் கிடைக்கும், அதை முழு விலைக்கு விற்றால் நடுவில் நிற்பது யாருடைய லாபம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், எங்களுக்காகக் காத்திருந்தது வெளிப்புற மோட்டார் ஒன்று மட்டும் பொருத்திய ஒரு ஃபைபர் படகு. அறை இல்லை, கூரை இல்லை, அங்கிகள் ஆட்களின் எண்ணிக்கைக்குப் போதவில்லை. சாட்டிலைட் போனைப் பற்றிக் கேட்டபோது படகுக்காரர் சிரித்துவிட்டார். அரசின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே குற்றம் என்பதால், விளம்பரத்தில் அதைச் சாதாரண வசதிபோல எழுதியிருந்தாலே சந்தேகப்பட வேண்டும். படகில் இருக்க வேண்டியவை கரையோடும் மற்றப் படகுகளோடும் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோவும் ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் டாட் கருவியும். இரண்டும் அந்தப் படகில் இல்லை.

படகுக்காரர் ராமநாதபுரத்திலிருந்து அங்கு குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த தமிழர். அவர்மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். "அண்ணே, இந்தக் காத்துல வெளிப்பாறைக்குப் போனா படகு தாங்காது. எனக்குச் சொன்னது வளைகுடாவுக்குள்ள ரெண்டு மணி நேரம் சுத்திக் காட்டணும்னுதான்" என்றார். சேலத்து நிறுவனம் சென்னையில் ஒருவருக்கும், அவர் அங்குள்ள ஒரு முகவருக்கும் கைமாற்றிவிட, கடைசியில் இவர் கைக்கு வரவிருந்தது டீசலுக்கும் அரைநாள் கூலிக்கும் உரிய பணம் மட்டுமே. அந்தப் படகு மீன்பிடிப் படகாகப் பதிவானது, பயணிகளை ஏற்றும் அனுமதி அதற்கு இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

பயணத் திட்டத்தின் இன்னொரு நாளில் ஜாலி பாய் தீவருகே மீன்பிடிப்பு என்று எழுதியிருந்தது. அந்தத் தீவு வண்டூர் அருகே 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுற்றிப் பார்க்கவே அனுமதிச் சீட்டு வேண்டிய அந்த இடத்தில் தூண்டில் போட்டால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு எங்கள்மீது பாயுமே தவிர, சேலத்தில் குளிர்சாதன அறையில் இருப்பவர்மீது பாயாது. விளம்பரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தொங்கவிட்டிருந்த பெருங்கலவா மீனும் இதே வகைதான்: அந்த இனம் 2001லேயே அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டது. அதைப் பிடித்துக் காட்டும் படம் ஒன்று வேறு நாட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும், அல்லது குற்றத்துக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். இரவில் பவளப்பாறைமீது நங்கூரமிட்டு மீன்பிடிப்போம் என்றும் ஒரு வரி இருந்தது. பவளமும் அதே அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பாறை மீனுக்குப் போகிறவர்கள் நங்கூரமிடாமல், பாறை சரிந்து ஆழமாகும் விளிம்பையொட்டிப் படகை நீரோட்டத்தில் மிதக்கவிட்டுத் தூண்டில் வீசுவார்கள். இதை எழுதியவர் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை என்பதற்கு அந்த வரி ஒன்றே போதும்.

தூண்டில் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது கிலோவைத் தாண்டக்கூடிய பாறை மீன் தூண்டிலில் பட்டதும் நேராகப் பாறை இடுக்குக்குள் பாயும். அதைத் தடுத்து நிறுத்த எண்பது, நூறு பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும், முள்ளையொட்டிக் கட்டும், அதைவிடத் தடித்த முன்நரம்பும், பத்துக் கிலோவுக்கு மேல் இழுவையைத் தாங்கும் உப்புநீர் ரீலும் வேண்டும். எங்களுக்குக் கொடுத்தவை மேட்டூரில் ஜிலேபி மீனுக்குப் போடும் அளவுக்கான மெல்லிய நரம்பு சுற்றிய ரீல்கள்; அவற்றிலும் பாதி துருவேறியிருந்தன.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டோம். வானிலை இயற்கையின் செயல், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள்; வேண்டுமானால் ஆகஸ்டில் இலவசமாக அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். ஆகஸ்ட் என்பது அதே பருவக்காற்றின் உச்சம். எங்கள் புகார் மழையைப் பற்றியது இல்லை. பருவத்தைப் பற்றிப் பொய் சொன்னது, காட்டிய படகைத் தராதது, தடை செய்யப்பட்ட இடத்தைத் திட்டத்தில் எழுதி விற்றது ஆகியவற்றைச் சேவைக் குறைபாடு என்றும் தவறான விளம்பரம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இதே பயணத்துக்கு முன்பணம் கட்டி இன்னும் புறப்படாதவர்கள், படகின் பெயர், பதிவெண், பயணிகளை ஏற்றும் அனுமதி, உரிமையாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். உரிமையாளரிடம் நீங்களே பேசி, உங்கள் தேதியில் வெளிப்பாறைக்குப் போவாரா என்று கேளுங்கள். ஹைதராபாத்திலுள்ள, கடல் நிலவரத் தகவல் தரும் இன்காய்ஸ் என்ற அரசு மையம் அந்தமான் கடலுக்கும் அலை உயர முன்னறிவிப்பை இலவசமாக வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

ஏற்கெனவே பணத்தை இழந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்; செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒரே நிறுவனத்தால் ஒரே விதமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியுடன் ஒன்றாகவும் வழக்காட முடியும். யுபிஐ பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல், அச்சிட்ட பயணத் திட்டம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பவர்கள் எங்களுடன் சேரலாம். எங்கள் மனுவின் நகலைத் தரத் தயாராக இருக்கிறோம்.