டெக் வேலைக்கு நாலரை லட்சம் கட்டி ஏமாந்தேன்: கப்பலுக்குப் போக நினைக்கும் தம்பிகள் படிக்கவும்

நான் தூத்துக்குடி திரும்பி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. நேற்று மாலை அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்த கோபம் தணிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கப்பலில் டெக் (மேல்தள) பிரிவில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு முகவரிடம் நாலரை லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. கடைத்தெருவில், மாடியில், வாசலில் நங்கூரம் வரைந்த பலகையோடு இயங்கும் கப்பல் வேலைவாய்ப்பு அலுவலகம் என்று மட்டும் சொல்கிறேன். இது போன்றவை நம் கடற்கரை ஊர்களில் பல உள்ளன.

நான் விவரம் தெரியாதவன் அல்லன். கப்பலின் கீழ்நிலைப் பணியாளர்களுக்கான ஜி.பி. ரேட்டிங் ஆறு மாதப் பயிற்சியை முறையாக முடித்து, கப்பல் தொழிலாளியின் அடையாளமும் கடற்பணிப் பதிவுமான சிடிசி புத்தகத்தை வாங்கியவன். ஆனால் பயிற்சி முடித்த பையன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் முதல் கப்பல் வேலை கிடைப்பதில்லை. அனுபவம் இல்லாதவனை எந்த நிறுவனமும் எடுப்பதில்லை, எடுக்காமல் அனுபவம் வருவதும் இல்லை. இரண்டு ஆண்டுகள் வீட்டில் உட்கார்ந்திருந்தவனின் மனநிலையை அந்த முகவர் நன்றாக அறிந்து வைத்திருந்தார்.

முதல் நாள் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்களை உட்கார வைத்து, டீ வரவழைத்து, "அக்கா, உங்க பையன் எனக்குத் தம்பி மாதிரி. ஒன்பது மாசம் கழிச்சு வர்றப்போ நீங்களே என்னைத் தேடி வந்து இனிப்புக் கொடுப்பீங்க" என்றார். சுவர் முழுக்க பாய்லர் சூட் அணிந்த பையன்களின் புகைப்படங்கள். அவற்றுக்கு நடுவில், கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்ப அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சாமி படத்துக்கு வைப்பதைப் போல அந்தக் கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் அந்த நிமிடத்தில்தான் முழு நம்பிக்கை வந்தது. அப்பாவிடம் காட்டுவதற்காக அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். உரிமம் மும்பையில் உள்ள வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. சந்தனப் பொட்டு, உரிமம் முடியும் தேதியின் மேல் இருக்கிறது.

என் அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகும் தோணிகளில் முப்பது வருடம் உழைத்தவர். படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "எலே, கடலுக்குப் போறவனுக்கு முதலாளிதான முன்பணம் கொடுப்பான். நாம ஏம்ல கொடுக்கணும்?" காலம் மாறிவிட்டது அப்பா, இது வெளிநாட்டுக் கப்பல் என்று அவர் வாயை அடைத்தேன். ஆனால் சட்டம் சொல்வதும் அவர் சொன்னதைத்தான். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி, வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு, சிடிசி ஆகியவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசா செலவுகூட நம்முடையது அல்ல. இதைப் பயிற்சி வகுப்பில் என் கையாலேயே நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதி வைத்துக்கொண்டுதான் முதலில் ஐம்பதாயிரமும், பிறகு அம்மாவின் நகையை அடகு வைத்து இரண்டு லட்சமும், அப்பா கடன் வாங்கிய இரண்டு லட்சமும், ஆக நாலரை லட்சம் ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டினேன். ரசீதில் 'பயிற்சி மற்றும் ஆவணக் கட்டணம்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

புறப்படும் நாளில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வெளியே முகவரின் ஆள் வந்து டிக்கெட்டையும் ஷார்ஜாவுக்கான சுற்றுலா விசாவையும் கொடுத்தான். ஒப்பந்தம் எங்கே என்றேன். கப்பலில் ஏறியதும் கேப்டன் கொடுப்பார் என்றான். குடியேற்ற அதிகாரி கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல், சிடிசியைப் பெட்டியின் அடியில் துணிக்குள் வை என்றான். நான் சம்பாதித்து வாங்கிய என் அடையாளத்தை ஏன் ஒளிக்கச் சொல்கிறான் என்று அங்கேயே நின்றிருக்க வேண்டும். பணம் கட்டியாகிவிட்டது என்ற ஒரே எண்ணம் என்னை உள்ளே தள்ளியது.

ஷார்ஜாவில் பத்து நாள் ஓர் அறையில் பதினொரு பேர் படுத்திருந்தோம். பிறகு படகில் ஏற்றி, நங்கூரமிட்டு நின்ற ஒரு பழைய சரக்குக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். எனக்குக் கொடுத்த முதல் வேலை, முகப்பில் கப்பலின் பெயருக்குப் பெயிண்ட் அடிப்பது. பலகையில் தொங்கியபடி தூரிகையை இழுத்தபோது, வெள்ளை எழுத்துக்கு அடியில் வெல்டிங் செய்த வேறு எழுத்துகள் கையில் தட்டுப்பட்டன. அவற்றுக்கும் அடியில் தேய்த்து மழுக்கிய இன்னொரு பெயர் இருந்தது. மூன்று பெயர் மாறிய கப்பலில், சம்பளத்துக்கு யாரைக் கேட்பது?

டெக் வேலையின் கடினத்தைக் குறை சொல்லவில்லை, அதற்குத்தான் போனேன். துரு தட்டுவதும், ப்ரைமர் அடிப்பதும், சரக்கு அறையான ஹோல்டைக் கழுவுவதும், இரவில் கப்பலை இயக்கும் மேல் அறையான பிரிட்ஜில் லுக்அவுட் (கண்காணிப்பு) நிற்பதும் எனக்குப் பிடித்த வேலைகள். ஆனால் டெக்கில் நாங்கள் மூன்றே பேர். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று பெயர், அந்த ஓய்விலும் துறைமுகம் வந்தால் கயிறு பிடிக்க எழுப்புவார்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. மாதம் பிறக்கும்போதே அந்த ஓய்வுப் பதிவேட்டில் எங்களிடம் முன்கூட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒருமுறை வின்ச் இயந்திரத்தில் இழுபட்ட, கப்பலைக் கரையோடு கட்டும் மூரிங் கயிறு நார் நாராகப் பிரிய ஆரம்பித்தது. டெக் ஆட்களின் தலைவரான போசன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்த அடுத்த நொடி, நான் நின்ற இடத்தில் கயிறு அறுந்து சாட்டை போல் அடித்தது. அங்கே நின்றிருந்தால் இதை எழுத நான் இல்லை.

மாதம் 450 டாலர் என்றார்கள். ஆறு மாதத்தில் கைக்கு வந்தது மொத்தம் 200 டாலர். முகவருக்கு அழைத்தால் முதலில் "கடல்ல பொறுமை வேணும் தம்பி" என்றார், பிறகு "சம்பளம் கம்பெனி பிரச்சினை, எங்க பொறுப்பு இல்ல" என்றார், அதற்குப் பிறகு என் எண்ணை எடுக்கவே இல்லை. என் அம்மா நேரில் போனபோது, "உங்க பையனுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லை நான் மன்னிக்க மாட்டேன். டிக்கெட்டுக்கு வீட்டில் மேலும் 31,000 கடன் வாங்கி அனுப்பித்தான் ஊர் வந்தேன். நாலரை லட்சம் போனது ஒருபுறம்; ஆறு மாதம் உழைத்ததற்கு என் சிடிசியில் ஒரு முத்திரை இல்லை. உரிமம் உள்ள நிறுவனம் வழியாகப் போகாததால் அந்தக் கடல் சேவை என் கணக்கில் ஏறவில்லை. இன்றைக்கும் நான் அனுபவம் இல்லாதவன்தான்.

நேற்று முகவரின் அலுவலகத்துக்குப் போனபோது வரவேற்பில் இருந்த பெண், "சார் மும்பை போயிருக்கார், ரசீதுல பயிற்சிக் கட்டணம்னுதான போட்டிருக்கு, அது திரும்பக் கிடைக்காது" என்று நிமிராமலே சொன்னார். காவல் நிலையத்திலும் அந்த ரசீதைப் பார்த்துவிட்டு, இது கொடுக்கல் வாங்கல் விவகாரம் என்றுதான் தொடங்கினார்கள். வெகுநேரம் நின்ற பிறகே மனுவை வாங்கினார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. சுவரில் மாட்டியிருப்பதை நம்பாமல், அதில் பெயர், முகவரி, தேதி மூன்றையும் பாருங்கள். வேலைக்கென்று ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் கையில் இல்லாமல், சுற்றுலா விசாவில் விமானம் ஏறாதீர்கள்.

நேற்று அந்த அலுவலகத்துப் பெஞ்சில் பச்சைச் சட்டை போட்ட ஒரு தம்பி, மஞ்சள் பையை மடியில் வைத்திருந்த தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். நான் பேசப் போவதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தம்பி, இது உன் கண்ணில் பட்டால் அந்தப் பையில் இருப்பதைக் கட்டாதே. கட்டிவிட்டாய் என்றால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இங்கே ஒரு வரி எழுது. திங்கட்கிழமை நான் மறுபடியும் காவல் நிலையம் போகிறேன், சேர்ந்து போகலாம்.