கொள்கைப் பட்டியலா, இரண்டு மூன்று சின்ன விதிகளா?

தன்னைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வழி இருக்கிறது. பொறுமை, நேர்மை, ஒழுங்கு என்று கொள்கைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது ஒன்று. 'ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைப்பேன்' மாதிரி இலக்கு வைப்பது இன்னொன்று. மூன்றாவது, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று சின்ன விதிகளாகப் போட்டுக்கொள்வது. நான் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் இருப்பவன், அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

இலக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேர்வு, கடன் அடைப்பது என்று முடிவுத் தேதி உள்ள காரியங்களுக்கு நல்லது. எட்டிய மறுநாள் என்ன செய்வது என்று அது சொல்லாது, அவ்வளவுதான்.

கொள்கைப் பட்டியலுக்குப் பெயர்போனவர் 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 13 நற்குணங்களை எழுதிக்கொண்டு, ஒரு சின்ன நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, சிவப்பு மையில் கட்டம் போட்டு, அன்றன்று தவறியதற்குக் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரம் ஒரு குணத்தில் தனிக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று. இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் நடந்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. புதுச் சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. பிறகு யானைத்தந்த ஏடுகளில் கட்டம் போட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டார். கொஞ்ச காலம் கழித்து வருஷத்துக்கு ஒரே சுற்று, அப்புறம் பல வருஷத்துக்கு ஒன்று, கடைசியில் பயணமும் அலுவலும் பெருகி அடியோடு நின்றுபோனது. நோட்டு மட்டும் எப்போதும் கூடவே போனது. ஒழுங்கு என்ற குணம் கடைசிவரை தனக்குப் படியவே இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறார்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது பராமரிப்புதான். எந்த முறை உயர்ந்தது, எது ஆழமானது என்பதெல்லாம் பிறகு. அலுத்துப்போய் வீடு திரும்பும் நாளில், நீங்கள் மறந்தே போயிருக்கும் வாரத்தில், அந்த முறை தானாக ஓடுமா? பட்டியல் ஓடாது. அதைத் தினமும் எடுத்துப் படிக்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும், தவறியதை நினைத்து வருந்த வேண்டும். 'பொறுமையாக இரு' என்ற வரி, பொறுமை போகும் அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வருவதே இல்லை, பத்து நிமிஷம் கழித்துத்தான் வருகிறது.

விதிக்கு இந்தச் செலவு கிடையாது. என் விதிகளில் ஒன்று இது: கோபத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால், முதலில் பெறுநர் முகவரியை அழித்துவிட வேண்டும். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். முடித்துவிட்டு முகவரியைத் திரும்ப அடிக்கப் போகும்போது கை தயங்கும், ஒரு தடவை மேலிருந்து படிப்பேன், பாதி வரி போய்விடும். இங்கே ஞாபகப்படுத்துவது நான் இல்லை, அந்தச் சந்தர்ப்பமே ஞாபகப்படுத்துகிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் இந்த 'நடந்தால்–செய்வேன்' முறையை விளக்கி எழுதினார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறுமனே உறுதி எடுப்பதைவிட இது கணிசமாகக் கைகொடுக்கிறது என்று தெரிந்தது. முடிவை நிதானமாக இருக்கும்போதே எடுத்துவிடுகிறோம், சூடான நேரத்தில் யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

தவறினால் என்ன ஆகும் என்பதும் பராமரிப்பில்தான் சேரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் தானாக வர எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்தது. நடுமதிப்பு 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வித்தியாசம். ஆய்வு ஓடியதே 84 நாள்தான், அதற்கு மேற்பட்டவை கணக்குப்போட்டு நீட்டியவை, அதனால் '66 நாளில் பழகிவிடும்' என்று அடித்துச் சொல்கிறவர்களை அவ்வளவாக நம்ப வேண்டாம். எனக்கு உபயோகமாக இருந்தது வேறு ஒரு முடிவு: ஒரு நாள் விட்டுப்போவது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பட்டியலில் கறுப்புப் புள்ளியாக உறுத்தும் விஷயம் விதியில் ஒன்றுமே இல்லை, அடுத்த சந்தர்ப்பம் வந்தால் அது மறுபடி வேலை செய்யும்.

குறைகளும் உண்டு. சந்தர்ப்பம் மாறினால் விதி செத்துப்போகும். அலுவலகப் பேச்சு மின்னஞ்சலிலிருந்து சாட்டுக்கு மாறியதும் என் விதிக்கு வேலையே இல்லாமல் போனது, அங்கே அழிக்க முகவரி இல்லை, என்டர் தட்டினால் போய்விடும். இப்போது நோட்ஸ் செயலியில் எழுதிவிட்டு ஒட்டுகிறேன், அது பாதி நாள்தான் நடக்கிறது. அதைவிடப் பெரிய குறை, முன்பின் பார்க்காத சிக்கல் வந்தால் விதி வாயைத் திறக்காது. நண்பரிடம் கசப்பான உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்ற இடத்தில் 'நேர்மை' என்ற ஒற்றைச் சொல்தான் ஏதோ வழி காட்டும். அப்படிப்பட்ட இடங்களில் எனக்கு அனுபவம் குறைவு, அடித்துப் பேசத் தெம்பில்லை.

ஃபிராங்க்ளின் விஷயத்திலேயே ஒன்று கவனிக்க வேண்டும். நண்பர் ஒருவர் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொன்ன பிறகுதான் பணிவு பட்டியலில் சேர்ந்தது. அதை அவர் கையாண்டது விதியாக: 'நிச்சயமாக', 'சந்தேகமில்லாமல்' போன்ற சொற்களைத் தனக்குத் தடைசெய்துகொண்டு, 'எனக்குத் தோன்றுகிறது' என்று பேசப் பழகினார். பேச்சு இனிமையானது, எதிர்ப்பு குறைந்தது என்கிறார். ஆனால் உண்மையான பணிவு வந்ததாகப் பெருமைப்பட முடியாது, தோற்றம்தான் நன்றாக வந்தது என்றும் சேர்த்து எழுதுகிறார். விதிகளுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் அதுதான், எனக்கும் அதற்கு முழுப் பதில் இல்லை. உள்ளே கோபம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தக் கடிதம் வந்து சேரவில்லை, இப்போதைக்கு எனக்கு அது போதும்.